இருநூற்று ஐம்பத்தாறு பெட்டிகள்

என் தங்கை புருஷன் விஸ்டின் செய்த ஒரே குற்றம், அரசாங்கம் சுவரில் ஒட்டிய காகிதத்தை நின்று படித்தது. படித்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதில் சொன்னபடி நடந்தான்.

‘நம் மொழியை அதன் புள்ளியோடும் கோட்டோடும் எழுதுவோம்’ என்றது அந்தக் காகிதம். அந்தப் பனிக்காலத்தில்தான் படகுப் பதிவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். எங்கள் ஊர் மார்சஷ்லொக் படகுத்துறையில் எழுபது படகுகள். அறுபத்தொன்பது பேர் எப்போதும்போலப் புள்ளியும் இல்லாமல் கோடும் இல்லாமல் பெயரைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். விஸ்டின் மட்டும் நாக்கைக் கடித்தபடி உட்கார்ந்து, முதல் எழுத்தான ‘எச்’சின் தோளில் குறுக்குக் கோடு போட்டு, ‘ஹ்னீனா’ என்று தன் படகின் பெயரை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தான். ஹ்னீனா என்றால் எங்கள் பேச்சில் இரக்கம். இதை நான் இந்த ஒரு தடவைதான் சொல்வேன்.

ஜூலை முதல் வாரத்தில் மீன்துறையிலிருந்து கடிதம் வந்தது. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். கோடை விடுமுறையில் வேலை கிடையாது. விஸ்டின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தேன். அவன் தக்கைப் பலகைகளில் ஈச்ச ஓலை கட்டிக்கொண்டிருந்தான். ஐம்பது பலகை கட்டியாகிவிட்டது. ஓலை காயாமல் இருக்கத் தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளிப்பான்.

கடிதத்தை என்னிடம் நீட்டினான். ‘¡னீனா என்ற படகின் பெயர் சரிபார்க்கப்படாததால் குலுக்கல் பட்டியலிலிருந்து தற்காலிகமாக நீக்கப்படுகிறது. எழுத்து அட்டவணை வாரியத்தின் சான்றிதழ் கொண்டுவரவும்.’

“மச்சான், இது யாரு படகு?”

“உன்னோடதுதான்.”

“முதல்ல ஒரு ஆச்சரியக்குறி தலைகீழா நிக்குதே.”

“அடிச்சவன் தலைகீழா நின்னு அடிச்சிருப்பான். நாளைக்குப் போய்க் கேப்போம் மாப்ள. அஞ்சு நிமிஷ வேலை.”

அஞ்சு நிமிஷ வேலை என்று நான் சொன்னதை என் தங்கை ஜோர்ஜா இன்றுவரை மறக்கவில்லை.

நீக்கம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் நடுவில் வரும் சாந்தா மரீயா திருநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை லம்புக்கி மீன் காலம். ஓலை கட்டிய பலகைகளைக் கடலில் வரிசையாக மிதக்க விடுவார்கள். நிழல் தேடி லம்புக்கி அடியில் வந்து கூடும். சுற்றி வலையை வளைப்பார்கள். ஆனால் கண்ட இடத்தில் மிதக்க விட முடியாது. ஜூலைக் கடைசியில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு கடல் பட்டை கொடுப்பார்கள். பட்டை கிடைக்காதவன் படகு வெறும் வர்ணம் அடித்த மரம். விஸ்டினுக்கு அந்த நான்கு மாதம்தான் வருஷம். மற்ற எட்டு மாதமும் அதற்குக் காத்திருப்பதுதான். அவனோடு கடலுக்குப் போகும் சித்தப்பா பையன்கள் இரண்டு பேரும் வேறு படகுக்கு வாக்குக் கொடுக்காமல் அவனை நம்பிக் காத்திருந்தார்கள்.

மீன்துறையில் ஒரு பையன் புதுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். “பட்டியல் வாரியத்துலேர்ந்து வருது. எங்க மெஷின்ல பிரிச்சா இப்படித்தான் தெரியுது. நாங்க ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. குலுக்கல் இருபத்தெட்டாம் தேதி. அதுக்குள்ள வாங்கிட்டு வாங்க” என்றான்.

எங்கள் தீவின் தலைநகரான வலெட்டாவில், மேலேறுவதற்கே மூச்சு வாங்கும் ஒரு படிக்கட்டுத் தெருவின் உச்சியில் இருக்கிறது வாரியம். அது என்ன வாரியம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், அந்த மாதம் முழுவதும் அதன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான்.

ஒரு காலத்தில் கம்ப்யூட்டருக்குள் இடப் பஞ்சம். மொத்தமே இருநூற்று ஐம்பத்தாறு பெட்டிகள். பெட்டிக்கு ஓர் எழுத்து. யார் எழுத்தை எந்தப் பெட்டியில் வைப்பது என்று பெரிய மனிதர்கள் கூடி, லத்தீன் எழுத்துக்காரர்களுக்குப் பிரதேசத்துக்கு ஒன்றாக அட்டவணை போட்டார்கள். மூன்றாவது அட்டவணையில் துருக்கிக்காரர்களையும், எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழி பேசுகிறவர்களையும், எங்களையும் ஒரே அறையில் குடிவைத்தார்கள். துருக்கிக்காரர்கள் சீக்கிரமே தனி அட்டவணை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு உலகத்து எழுத்துக்கெல்லாம் இடமுள்ள புதிய ஏற்பாடு வந்தது. எல்லோரும் அதற்குப் போய்விட்டார்கள். எங்கள் வாரியம் மட்டும் போகவில்லை.

எங்கள் அட்டவணையில் நூற்று அறுபத்தோராவது பெட்டியில் இருப்பது கோடு போட்ட எச். முதலாம் அட்டவணையில் அதே பெட்டியில் தலைகீழ் ஆச்சரியக்குறி. பட்டியல் அனுப்புகிறவன் பெட்டியின் எண்ணை மட்டும் அனுப்புவான். வாங்குகிறவன் எந்த அட்டவணையைப் பிரித்து வைத்திருக்கிறானோ அந்த எழுத்துதான் வரும். இவ்வளவுதான் விஷயம். வேன் ஓட்டுகிற எனக்கே இது பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. வாரியத்துக்கு இன்னும் புரியவில்லை.

முதல் நாள் எட்டு மணிக்கே போய்விட்டோம். கோடை நேரம், பன்னிரண்டுக்குச் சாத்திவிடுவார்கள். உள்ளே ஆஜர் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர் வீதம் இருநூற்று ஐம்பத்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். முதல் முப்பத்திரண்டு பெட்டிகளில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத கட்டளைகளாம். அவற்றின் பொறுப்பாளர்கள் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்கள். ஏழாவது பெட்டிக்காரர் ஒரு மணியை அடித்தார். ஏழாவது பெட்டியின் கட்டளையே மணி அடிப்பதுதானாம். துருக்கி எழுத்துகளின் பொறுப்பாளர்கள் ஆளுக்கு ஆள், “எழுத்து வெளியூர், பொறுப்பாளர் ஆஜர்” என்றார்கள். அட்டவணையில் ஏழு பெட்டிகள் ஆரம்பத்திலிருந்தே காலி. அந்த ஏழு பேரும், “காலி, ஆஜர்” என்றார்கள். முடிய மணி பத்தாகிவிட்டது. பிறகு தேநீர்.

பெஞ்சில் எங்கள் பக்கத்தில் நிக்கோல் என்ற பெரியவர் வந்து உட்கார்ந்து பாலாடைக் கட்டி அடைத்த பஸ்திட்சி தின்றார். நூற்று எழுபத்துநான்காவது பெட்டியின் பொறுப்பாளர். காலிப் பெட்டிகளில் ஒன்று.

“பத்தொம்பது வருஷ சர்வீஸ்” என்றார். “என் பெட்டியில ஒரு தப்பு நடந்ததில்ல.”

“காலிப் பெட்டியில என்னங்க தப்பு நடக்கும்?” என்றான் விஸ்டின்.

“அதைத்தானப்பா சொல்றேன். அதோ நூத்தி அறுபத்தொண்ணு போறான் பாரு, அவன் பெட்டிக்குள்ள எழுத்து இருக்கு. இருந்ததால இப்ப பிரச்சனை வந்துருச்சா இல்லையா?”

விஸ்டின் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்று தலையாட்டினான். அப்போதே அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

ஜன்னலில் இருந்தவள் பெயர் டெஸி. விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, “மூணு நாள் கழிச்சு வாங்க” என்றாள். மூன்று நாள் கழித்துப் போனோம். நடுவில் ஞாயிறு வந்துவிட்டது, அது கணக்கில் சேராது என்றாள். அடுத்த முறை போனபோது ஏழாவது பெட்டிக்காரருக்கு மூலம் என்பதால் மணி அடிக்க ஆளில்லை. மணி அடிக்காமல் நாளைத் தொடங்க விதி இல்லை. இருநூற்று ஐம்பத்தைந்து பேரும் பன்னிரண்டு வரை வரிசையில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

நாலாவது தடவை எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். மூன்றாம் அட்டவணையைச் சரியாகக் காட்டும் கம்ப்யூட்டர் நாட்டிலேயே அது ஒன்றுதானாம். பச்சைத் திரை. டெஸி இரண்டு பொத்தானைத் தட்டினாள். ‘ஹ்னீனா’ வந்து நின்றது. தோளில் கோடு, ஒரு குறையும் இல்லை. விஸ்டின் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

“மச்சான், பாரு. இங்க இருக்குது பாரு.”

“இருக்குது மாப்ள. பிரிண்ட் போடச் சொல்லு.”

பிரிண்டர் முக்கி முனகி ஒரு தாளைத் துப்பியது. ‘¡னீனா என்பது சரியான பெயர் எனச் சான்றளிக்கப்படுகிறது.’

“அம்மா, இதுலயும் தலைகீழாவே இருக்கே” என்றேன்.

“உள்ள சரியாத்தான இருக்கு, நீங்களே பாத்தீங்கல்ல. வெளிய வரும்போது அப்படி ஆயிடுது.”

“எங்களுக்கு வெளியதானே வேணும்?”

“வெளிய எங்க அதிகாரத்துல வராது” என்று சொல்லி, சீல் குத்தினாள்.

அதை எடுத்துக்கொண்டு மீன்துறைக்குப் போனோம். அந்தப் பையன் சான்றிதழைப் பார்த்தான், படகின் புகைப்படத்தைப் பார்த்தான். “சான்றிதழ்ல ஒரு பேரு, படகுல வேற பேரு. காகிதமும் படகும் ஒண்ணா இருக்கணும். எது சரின்னு பாக்குறது என் வேலை இல்ல” என்றான். அவன்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. சின்னப் பையன். அவன் மேஜையில் ஒட்டியிருந்த விதியில் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காலையில் நான் துறைக்குப் போனபோது, விஸ்டின் படகுமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, மூக்குப் பலகையில் எச் எழுத்தைச் சுரண்டிவிட்டு அங்கே தலைகீழ் ஆச்சரியக்குறியை மஞ்சளில் வரைந்துகொண்டிருந்தான். இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கம் போனான்.

“டேய், பைத்தியமா உனக்கு?”

“காகிதமும் படகும் ஒண்ணா இருக்கணுமாம் மச்சான்.”

“படகுதானடா நெசம்? காகிதத்துக்காகப் படகை மாத்துவியா?”

“காகிதத்தை மாத்தத்தான் நாலு தடவை போனோமே. இது ஒரு டப்பா பெயிண்ட்தான்” என்றான் பொறுமையாக.

ஜோர்ஜா துறைக்கு வந்தாள். எங்கள் படகுகளின் மூக்கில் மீசைபோல ஒரு பட்டை இருக்கும். வீட்டில் சாவு என்றால் அதைக் கறுப்பாக அடிப்பது வழக்கம். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தாள்.

“இதுக்கு மீசையக் கறுப்பா அடிச்சிருக்கலாம். துக்கம் கேக்கவாவது நாலு பேரு வந்திருப்பாங்க.”

துக்கம் கேட்க வரவில்லையே தவிர, வேடிக்கை பார்க்க ஊரே வந்தது. பேண்டு கிளப் வாசலில் ஒருவன், “விஸ்டின், உன் படகு எதைப் பாத்து இப்படி ஆச்சரியப்படுது?” என்றான். இன்னொருவன், “தலைகீழா நின்னு ஆச்சரியப்படுதுன்னா சும்மா இல்ல. லம்புக்கி வந்து வாக்கு குடுத்திருக்கும்” என்றான். அடுத்த நாள் இன்ஜினைச் சோதிக்கக் கொஞ்ச தூரம் வெளியே போனான். ரோந்துப் படகு குறுக்கே வந்து நின்று, ஒலிபெருக்கியில் ஸ்பானிய மொழியில் அவனிடம் ஏதோ கேட்டது. அந்தக் குறி ஸ்பானியர்கள் எழுதுவதாம். பக்கத்து வீட்டுப் பையனாயிருந்தும், ரோந்துக்காரன் விஸ்டினை அடையாளம் கண்டுகொள்ளக் கால் மணி நேரம் ஆனது.

படகின் புதுப் புகைப்படத்துக்கும் வாரியத்தின் சீல் வேண்டும் என்றார்கள். ஜூலை இருபத்துநாலாம் தேதி, ஏழாவது தடவையாக அந்தப் படிக்கட்டில் ஏறினோம். டெஸி புகைப்படத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்து, அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். தலைவரே எங்களைக் கூப்பிட்டார்.

தலைவர் எவரிஸ்ட் டெபோனோ வக்கீலுக்குப் படித்தவர். ஆகவே எங்கள் ஊர் வழக்கப்படி டொத்தோர். சுவர் முழுக்க அட்டவணை தொங்கியது. ஏழு காலிப் பெட்டிகளுக்கும் தங்க நிறத்தில் கரை கட்டியிருந்தார்கள். புகைப்படத்தை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

“இது என்ன?”

“என் படகு, டொத்தோர்” என்றான் விஸ்டின்.

“இந்தக் குறியக் கேக்குறேன். இது எங்க அட்டவணையிலேயே கிடையாது. முதலாம் அட்டவணையோட குறி. நம்ம ஊருப் படகு மூஞ்சியில அந்நியக் குறியப் போட யாரு அனுமதி குடுத்தது?”

“நீங்கதான் டொத்தோர்” என்று சான்றிதழை எடுத்து நீட்டினேன்.

அவர் அதை வாங்கி, ஒரு அழகான கையெழுத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “இதுல தப்பே இல்லையே. இந்த எடத்துல இருக்கிறது நூத்தி அறுபத்தொண்ணாவது பெட்டி. நாங்க அதைத்தான் அனுப்பினோம். படிக்கிறவங்க தப்பாப் படிச்சா வாரியம் என்ன பண்ணும்? வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாங்க தப்பே பண்ணதில்ல. யாரும் சரியாப் படிச்சதும் இல்ல.”

“அப்போ மறுபடி கோடு போட்டுரட்டுமா?” என்றான் விஸ்டின்.

“தாராளமா. ஆனா அப்ப சான்றிதழோட பொருந்தாது.”

“அப்போ இப்படியே விடட்டுமா?”

“இப்படியே விட்டா, அட்டவணையில இல்லாத குறி இருக்கிற படகு சட்டப்படி படகே இல்ல.”

விஸ்டின் என்னைப் பார்த்தான். எனக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. “டொத்தோர், ஊரு உலகம் பூரா புது ஏற்பாட்டுக்குப் போயிருச்சு. அதுல எங்க எச்சு இருக்கு, கோடு இருக்கு, எல்லாம் இருக்கு. பட்டியலை அதுல மாத்தி ஒரு தடவ அனுப்பினா முடிஞ்சுது. மீன்துறைப் பையனே சொல்றான், ஒரு நிமிஷ வேலைன்னு.”

டொத்தோர் சிரித்தார். கோபமே இல்லை அவருக்கு. அதுதான் கொடுமை.

“அந்தப் புது ஏற்பாட்டுல லட்சக்கணக்குல பெட்டியாம். யாரு ஆஜர் எடுக்கிறது? நாலு லட்சம் பேரு இருக்கிற நாடு இது. பாதிப் பேரை வரிசையில நிறுத்தினாலும் பத்தாது. யார் யாரோ அதுல இருக்காங்களாம். சுழிச்சுச் சுழிச்சு எழுதுறவங்கல்லாம் இருக்காங்களாம். இங்க பாருங்க, எத்தன அடக்கம். எத்தன அமைதி.” அட்டவணையைக் காட்டினார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, சொந்தக்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னார்: “உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்றேன். போன வருஷம் மேலேர்ந்து கேட்டாங்க, ‘இந்த அட்டவணைய யாருதான் உபயோகிக்கிறாங்க?’ன்னு. என்கிட்ட பதில் இல்ல. மூணு ராத்திரி தூங்கல. இந்த வருஷம் பதில் இருக்கு. விஸ்டின் ஸெராஃபா. கோட்ட ஒழுங்காப் போட்டு எழுதிக் குடுத்த ஒரே குடிமகன். ஆண்டறிக்கையில எழுதியாச்சு: உபயோகிப்பவர் ஒருவர், நிலுவையில் விண்ணப்பம் ஒன்று. நிலுவை இருக்கிற வரைக்கும் வாரியம் இருக்கும். இதை இன்னைக்கே நான் முடிச்சுக் குடுத்துட்டா, நாளைக்கு இருநூத்தி அம்பத்தாறு குடும்பம் எங்க போகும்? சொல்லுங்க. ஒரு மீனவன் நாட்டுக்காக இவ்வளவுகூடப் பொறுக்க மாட்டானா?”

“டொத்தோர், குலுக்கலுக்கு நாலு நாள்தான் இருக்கு” என்றான் விஸ்டின். “என் ஓலை காயுது.”

“காயட்டும்பா. எழுத்து காயாது.”

நான் அந்த அறையில் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. இரண்டு காலிப் பெட்டிக்காரர்கள் வந்து என்னை அலுங்காமல் தூக்கி வெளியே விட்டார்கள். அவர்களுக்கும் அன்றைக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி ஆயிற்று.

இருபத்தெட்டாம் தேதி விஸ்டின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு குலுக்கலுக்குப் போனான். “எதுக்குடா?” என்றேன். “கூப்பிட்டா நிக்கணுமே மச்சான்” என்றான். எழுபது பட்டை, எழுபது சீட்டு. அறுபத்தொன்பது படகைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் பெட்டிக்குள் கை விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். மண்டபம் காலியாகும் வரை விஸ்டின் கடைசி வரிசையில் நின்றான். பெட்டியைக் குலுக்கியபோது உள்ளே ஒரு சீட்டு இன்னும் சத்தம் போட்டது.

“அது யாருக்குங்க?” என்று கேட்டான்.

மீன்துறைப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். “நிலுவைக்கு.”

அந்தச் சீட்டு பன்னிரண்டாவது பட்டை. கரையிலிருந்து நேராகத் தென்கிழக்கே போகும். அதைவிட நல்ல பட்டை எங்கள் கடலில் இல்லை. சாந்தா மரீயா அன்று எல்லாப் படகும் பலகைகளை ஏற்றிக்கொண்டு போயின. விஸ்டினின் சித்தப்பா பையன்களும் வேறு படகில் ஏறிப் போனார்கள், அவன் முகத்தைப் பார்க்காமல். நான் கரையில் அவன் பக்கத்தில் நின்றேன். பதினொன்றாவது பட்டையில் பலகைகள் மிதந்தன, பதின்மூன்றில் மிதந்தன. நடுவில் வெறும் கடல் கிடந்தது. அவன் அழுதான். நாற்பத்தாறு வயசு ஆள், கையில் வர்ணக் கறை இன்னும் போகவில்லை. ஒரு சிகரெட் கொடுத்தேன்.

அந்த வாரமே நிக்கோல் ஓய்வு பெற்றார். டொத்தோர் விஸ்டினுக்கு ஆளனுப்பினார். “பாவம், நம்மாள். நூத்தி எழுபத்துநாலு காலியா இருக்கு. கிறிஸ்துமஸ் வரைக்கும் வந்து உட்காரட்டும்” என்றார்களாம். ஜோர்ஜா, போக வேண்டாம் என்றாள். முற்றத்தில் ஐம்பது பலகையிலும் ஓலை சருகாகிக் கிடந்தது. விஸ்டின் அதைப் பார்த்துவிட்டுப் போனான்.

முதல் மாதம் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொள்வான். “மச்சான், இன்னைக்கு மூணு மணி நேரம் ‘காலி’ன்னு சொல்லக் காத்திருந்தேன்” என்பான். இரண்டாம் மாதம், “அதுலயும் ஒரு முறை இருக்கு மச்சான், வெளியேர்ந்து பாத்தா தெரியாது” என்றான். கிறிஸ்துமஸ் வந்தது, போனது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஈஸ்டர் விருந்தில், காலிப் பெட்டியில் எழுத்தைப் போட வேண்டும் என்று ஒரு இளைஞன் மனு கொடுத்திருக்கிறான் என்று சொல்லிப் பொருமினான். ஆட்டிறைச்சியை மெல்லாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜூன் மாதம் ஜோர்ஜா படகைத் தானே எடுத்தாள். மீனவன் மகள், எங்கள் அப்பா படகில் வலை இழுத்தவள். மூக்குப் பலகையில் அந்த மஞ்சள் குறியைச் சுரண்டி எறிந்துவிட்டு, கோடு கீடு ஒன்றுமில்லாமல் வெறும் எச் எழுத்தில் தொடங்கி, ஊரில் எல்லோரும் எழுதுகிற மாதிரி பெயரை எழுதினாள். பதிவுப் படிவத்திலும் அப்படியே எழுதினாள். சித்தப்பா பையன்களைத் திட்டியே திரும்பக் கூட்டி வந்தாள். அறுபது பலகையில் பச்சை ஓலை கட்டினாள். விஸ்டின் வேலை விட்டு வந்து அதற்குத் தண்ணீர் தெளிப்பான். படிவத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

குலுக்கலுக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை காலையில் கடிதம் வந்தது. படகுப் பெயர்களையெல்லாம் இனி வாரியம் சரிபார்க்கும் என்று புது விதியாம். பெயர் பொருந்தவில்லை, நேரில் வரவும். ஜோர்ஜா விஸ்டினின் மதிய ரொட்டியையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். எண்ணெயும் தக்காளியும் தேய்த்து, சூரை மீனும் ஆலிவும் அடைத்த ரொட்டி. அவன் அதை மறந்துவிட்டுப் போயிருந்தான். “எப்படியும் போறோம், குடுத்துருவோம்” என்றாள். உள்ளே நம் ஆள் இருக்கிறான், இந்தத் தடவை நிஜமாகவே அஞ்சு நிமிஷ வேலை என்று நானும் நினைத்தேன்.

ஜன்னலில் டெஸி இல்லை. விஸ்டின் இருந்தான். சட்டைப் பையில் இரண்டு பேனா.

“என்ன விஷயமா வந்திருக்கீங்க?” என்றான்.

ஜோர்ஜா யாரைக் கேட்கிறான் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

“உன் படகு விஷயமாத்தான்.”

“படகு பேரு?”

அவள் ரொட்டிப் பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கடிதத்தை நீட்டினாள். அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தான்.

“எச்சுக்குக் கோடு இல்லையே. எங்க பதிவுல கோடு இருக்கு. கோடு இல்லாத ஹ்னீனா வேற படகு.”

“மாப்ள” என்றேன், “கோடு போட்டா என்ன ஆகும்னு உன்னவிட யாருக்குடா தெரியும்?”

“தெரியும் மச்சான். வெளிய வரும்போது மாறிடும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “வெளிய எங்க அதிகாரத்துல வராது.”

“நாளைக்கு மறுநாள் குலுக்கல், வெள்ளிக்கிழமை” என்றாள் ஜோர்ஜா. “அறுபது பலகை கட்டி வச்சிருக்கேன். நீதான் நேத்து அதுக்குத் தண்ணி தெளிச்ச.”

விஸ்டின் ஏதோ சொல்ல வாய் எடுத்தான், நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஏழாவது பெட்டிக்காரர் உள்ளே மணி அடித்தார். விஸ்டினின் வாய் மூடித் திறந்தது.

“மூணு நாள் கழிச்சு வாங்க” என்றான்.

ஜோர்ஜா விளிம்பில் வைத்த பொட்டலத்தை எடுத்தாள், துணியைப் பிரித்து உள்ளே பார்த்தாள்.

“இந்த ரொட்டியிலயும் கோடு இல்ல” என்றாள். “மூணு நாள் கழிச்சுச் சாப்பிடு.”

திரும்பி நடந்தாள். படிக்கட்டில் இறங்கும்போதே பாதியைப் பிட்டு என் கையில் கொடுத்தாள். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். விஸ்டின் எங்களைப் பார்க்கவில்லை. பதிவேட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். நிலுவையில் ஒன்று என்று எழுதியிருப்பான்.